சகேயு ஞாயிறும் கொழுந்து மடுவத்துத் தராசும்

1. உர மூட்டையா, ஜெபமா?

இலங்கையில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் பள்ளிக்கூட மாஸ்டராகவும் சபைக்கு உபதேசியாராகவும் இருந்தேன். ஐம்பதுகளின் நடுப்பகுதி. ஒரு சனிக்கிழமை மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்து பார்த்தேன். எதிரே மலையும் மஞ்சும்தான் தெரிந்தன. ஆள் யாரும் இல்லை என்று கதவைச் சாத்தப் போனபோது கீழேயிருந்து ஒரு செருமல் கேட்டது.

குனிந்தால், புதுக் கண்டாக்கு நிற்கிறார்! தொப்பி, காற்சட்டை, கையில் பிரம்பு, எல்லாம் சரியாக இருந்தன. உயரம் மட்டும் கர்த்தர் கொஞ்சம் கையிறுக்கமாகக் கொடுத்திருந்தார். என் நெஞ்சு மட்டத்துக்குத்தான் தொப்பியின் உச்சி வந்தது. நான் பட்ட வெட்கம் இருக்கிறதே, அதை இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.

கண்டாக்கு என்றால் தோட்டத்தில் துரைக்கு அடுத்தபடி மலை வேலையைப் பார்க்கிறவர். துரையாவது எப்போதாவது சிரிப்பார். கண்டாக்கு சிரித்தால் அன்றைக்குக் கொழுந்து வரத்து குறைந்துவிடும் என்பதுபோல் நடந்துகொள்வார்கள். இவர் பெயர் அருள்நாயகம். யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்துக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

"மாஸ்டர், அடுத்த கிழமை உரம் வருது. வைக்க இடமில்லை. கொழுந்து மடுவத்தை ஞாயிற்றுக்கிழமையில உங்கட ஆக்களுக்குப் பாட்டுப் படிக்க விட்டிருக்கினமாம். உண்மையே?"

"ஆமாங்க. முந்தின கண்டாக்கையா குடுத்ததுங்க. தொரையும் சரின்னுட்டாருங்க."

"துரையைக் கேட்டனான். என்னையே முடிவெடுக்கச் சொல்லிப்போட்டார். நானும் வேதக்காரன்தான் காணும். நாளைக்கு வந்து இருந்து பாக்கிறன். பாத்திட்டுச் சொல்லுறன், உர மூட்டையோ ஜெபமோ எண்டு."

இரண்டடி போனவர் திரும்பி, "சுவிசேஷ வாசகத்தை நானே வாசிக்கிறன். ஊரில எங்கட சேர்ச்சில நான்தான் வாசிக்கிறனான்" என்று சொல்லிவிட்டு மஞ்சுக்குள் மறைந்தார். மறைய அவருக்கு அதிக மஞ்சு தேவைப்படவில்லை.

மடுவம் என்பது கொழுந்து நிறுக்கிற கொட்டகை. மேலே தகரம், நாலு பக்கமும் திறப்பு, நடுவில் உத்தரத்திலிருந்து தொங்கும் பெரிய தராசு. வாரத்தில் ஆறு நாள் அங்கே கொழுந்து, ஏழாம் நாள் நாங்கள். அது கையைவிட்டுப் போனால் வேறு இடம் கிடையாது. டவுன் சேர்ச்சுக்கு ஒரு மலை ஏறி இறங்க வேண்டும். மழைக்காலத்தில் கைக்குழந்தைக்காரிகளும் வயசானவர்களும் அந்தப் பாதையில் போக முடியாது. மாதம் ஒரு முறை வரும் போதகர் ஐயாவோ முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "கூடுறதுக்கு எடமில்லேன்னா சபை இல்லே. சபை இல்லேன்னா உபதேசியார் எதுக்கு? ஒங்கள வலப்பனைப் பக்கம் போட்டுருவேன்." என் மனைவி கிரேசு அப்போது நிறைமாசம். இந்த நேரத்தில் மூட்டை கட்டுவதா? 

சரி, நாளைக்கு என்ன வாசகம் என்று அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். லூக்கா, பத்தொன்பதாம் அதிகாரம். சகேயு.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சகேயு என்பவன் எரிகோ பட்டணத்தில் வரி வாங்குகிற தலைவன், பணக்காரன். இயேசு அந்த வழியாகப் போகிறார் என்று கேள்விப்பட்டுப் பார்க்க வருகிறான். கூட்டம் மறைக்கிறது. ஏனென்றால் அவன் குள்ளன். ஓடிப்போய் ஒரு காட்டத்தி மரத்தில் ஏறி உட்காருகிறான்.

அத்தனை ஞாயிறு இருக்க, அத்தனை அதிகாரம் இருக்க, நாளைக்கா இது வர வேண்டும்! வாசிக்கப் போவதும் அவரே. "அட கர்த்தரே" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

2. பின்பாட்டு

இப்போது சபைகளில் பாட்டு எடுக்கும் தம்பிகள் இதை ஒரு வேலையாகவே நினைப்பதில்லை. புத்தகத்தைத் திறந்தோம், மெட்டுத் தெரிந்த பாட்டைப் போட்டோம் என்று போய்விடுகிறார்கள். அந்தக் காலத்தில் அது எங்களுக்குப் பெரிய வேலை.

வாசகத்துக்கு முன் ஒரு பாட்டு, பின் ஒரு பாட்டு, காணிக்கைக்கு ஒரு பாட்டு. முன்பாட்டு, வந்த ஜனம் கம்பளியை உதறிவிட்டு உட்காருகிற வரைக்கும். காணிக்கைப் பாட்டு நீளமாக இருந்தால் போதும். பின்பாட்டில்தான் உயிர் இருக்கிறது. இப்போதுதான் வேதம் வாசித்து முடிந்திருக்கும். ஜனத்தின் காது சூடாக இருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் கொடுக்கிற பாட்டைத்தான் அவர்கள் திங்கட்கிழமை மலையில் கொழுந்து எடுக்கும்போது முணுமுணுப்பார்கள்.

எங்கள் சபையில் இன்னொரு சங்கடமும் உண்டு. லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் எல்லாருக்கும் எல்லார் கதையும் தெரியும். எந்த வாசகம் வந்தாலும் அது யாராவது ஒருத்தருக்குப் பொருந்திவிடும். பின்பாட்டு அந்த ஆளைக் கைநீட்டிக் காட்டிவிடும். நான் வந்த புதிதில் இது தெரியாமல், பரிசுத்த ஆவி ஞாயிறுக்கு மழை கேட்கிற கீர்த்தனை ஒன்றைப் போட்டேன். பரலோக மழையே பொழிக என்று அருமையான பாட்டு. தண்ணீருக்குத் தவித்த திருநெல்வேலிச் சீமையில் எவரோ உருகி எழுதியிருக்கிறார். எங்களுக்கோ அப்போது பன்னிரண்டு நாளாக அடைமழை. லயத்துக்குப் பின்னால் மண் சரிந்து நிற்கிறது. ஜனம் வாயைத் திறக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. நான் தனியாகப் பாடி முடித்தேன். அன்று ராத்திரி இன்னும் பலமாகப் பெய்தது. அடுத்த நாள் கோயில் பூசாரி வந்து, "மாஸ்டர், நீங்க எந்தச் சாமிய வேணா கும்பிடுங்க, ஆனா மழைய மட்டும் கூப்பிடாதீங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த அடிபட்ட அனுபவத்தோடு அன்று சனிக்கிழமை சாயந்தரம் இருக்கிற பாட்டுப் புத்தகத்தையெல்லாம் மேசையில் பரப்பினேன். சகேயுவுக்கு என்று நாலைந்து கீர்த்தனை இருந்தது. ஒன்றில் முதல் அடியிலேயே குள்ளன் வருகிறான். இன்னொன்றில் குட்டையன். மூன்றாவதில் மரத்தில் ஏறுகிறதை மூன்று சரணத்துக்கு வர்ணித்திருக்கிறார்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுத்த பாட்டிலோ, 'குள்ளன்' என்று வரும் இடத்தில் கையை முழங்கால் உயரத்தில் பிடித்துக் காட்ட வேண்டும். ஆக்ஷன்! எனக்கு இது தேவையா?

கிரேசு அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள்.

"என்னங்க, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி ஒக்காந்திருக்கீங்க?"

விஷயத்தைச் சொன்னேன்.

"ஏங்க, அவரு குள்ளம்னு அவருக்குத் தெரியாதா?"

"அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியக் கூடாது."

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "வேதத்துலயே எழுதியிருக்கு. அவரே வாசிக்கப் போறாரு. நீங்க என்னத்த மறைக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வாசகத்தை மாற்றுகிற அதிகாரம் எனக்கு இல்லை. பாட்டு என் கையில் இருக்கிறதே! சகேயு கதையில் வேறு என்ன இருக்கிறது? மனந்திரும்புதல் இருக்கிறது. சரி, மனந்திரும்புதல் தலைப்பில் தேடுவோம் என்று தேடினேன். யாரும் அதிகம் பாடாத கீர்த்தனை ஒன்று கிடைத்தது. 'நிறுத்துப் பாரும் தேவனே, என்னை நேர்த் தராசில் வைத்து' என்று பல்லவி. ஒரு பாவி கர்த்தரிடம் தன்னை எடைபோடச் சொல்லி உருகுகிறான். மெட்டு சுலபம். மீதிச் சரணங்களில் மரம், உயரம், குட்டை, நெட்டை ஏதாவது உண்டா என்று விரலை ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. "தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்று புத்தகத்தை மூடினேன். அன்றைக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

எங்கே உட்கார்ந்து அந்தப் பாட்டைப் பாடப்போகிறோம் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. பாருங்கள், படித்த முட்டாள் என்பது இதுதான்.

3. பாட்டு கிளம்பியது

காலையில் எல்லாருக்கும் முன்னால் மடுவத்துக்குப் போனேன். எங்கள் பிரசங்க மேடை என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு தேயிலைப் பெட்டி. அதற்குப் பின்னால் அவர் நின்றால் தொப்பி மட்டும்தான் தெரியும். தொப்பியையும் கழற்றிவிடுவாரே! ஒரு பெட்டியை எடுத்துவிட்டேன். எடுத்ததைப் பக்கத்தில் வைத்து, தெரியாமல் இருக்க இரண்டின் மேலும் துணி விரித்தேன்.

பிள்ளைகளைக் கூப்பிட்டு, "இன்னிக்கு எல்லாரும் கையக் கட்டிக்கிட்டு ஒக்காரணும். வாசகம் முடியிற வரைக்கும் கைய அவுக்கக் கூடாது" என்றேன். சரி சார் என்றார்கள்.

கண்டாக்கு குடும்பத்தோடு வந்து முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் மனைவி அவரைவிட ஒரு சாண் உயரம், சிரித்த முகம். ஜனம் என்றைக்கும் இல்லாமல் நிறைய வந்திருந்தது. மடுவம் போகப்போகிறது என்ற செய்தி லயத்துக்குப் போய்விட்டது. வெளியே தூணோரம் குடை பிடித்துக்கொண்டு கணக்கப்பிள்ளை பெரியசாமி நின்றார். தினமும் கொழுந்து நிறுக்கிறவர் அவர்தான். எங்கள் சபைக்காரர் இல்லை. புதுக் கண்டாக்கு வருகிற இடத்தில் தன் முகமும் இருக்கட்டும் என்று வந்து நின்றார். பெயருக்கேற்ற ஆள், ஆறடிக்கு மேல்.

முன்பாட்டு முடிந்தது. கண்டாக்கு எழுந்து வந்து வேதத்தைத் திறந்தார். வெண்கலக் குரல், நிறுத்தி நிதானமாக வாசித்தார். குள்ளன் என்ற சொல் நெருங்க நெருங்க என் விரல் ஆர்மோனியக் கட்டையில் வியர்த்தது. அந்தச் சொல்லும் வந்தது. வந்த உடனே ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும், கட்டியிருந்த கையை அவிழ்த்து, ஒரே நேரத்தில் முழங்கால் உயரத்தில் பிடித்துக் காட்டினார்கள். அத்தனை நன்றாகப் பழக்கியிருந்தேன்! வேறு எந்த ஆக்ஷனிலும் அவர்கள் ஒற்றுமையாகக் கை தூக்கியதில்லை.

கண்டாக்கு நிறுத்தினார். பிள்ளைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி வாசித்தார். நான் ஆர்மோனியத்துக்குள் ஒளிய வழியுண்டா என்று பார்த்தேன்.

சகேயு மரத்தை விட்டு இறங்கி, இயேசுவை வீட்டுக்குக் கூட்டிப்போய், ஏமாற்றி வாங்கினதையெல்லாம் நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று சொல்கிற இடத்தில் வாசகம் முடிந்தது. நான் எழுந்து பின்பாட்டை ஆரம்பித்தேன்.

எங்கள் ஜனத்தில் பெரும்பாலோருக்கு வாசிக்கத் தெரியாது. ஆகவே உபதேசியார் ஒவ்வொரு அடியையும் உரக்கச் சொல்ல வேண்டும். சொன்ன அடியை ஜனம் வாங்கிப் பாடும். பிடித்த அடியாக இருந்தால் திரும்பத் திரும்பப் பாடும். அதைக் கிளப்பிவிடுகிறவள் ஞானப்பூ. கொழுந்து எடுக்கிறவள், நாலு பிள்ளைக்காரி. அவள் கீழ் மலையில் பாடினால் மேல் மலையில் கேட்கும்.

"நிறுத்துப் பாரும் தேவனே!" என்று சொன்னேன்.

ஜனம் உடனே வாங்கவில்லை. எல்லாத் தலையும் மெதுவாக மேலே நிமிர்ந்தது. நானும் நிமிர்ந்தேன். என் தலைக்கு நேர் மேலே, உத்தரத்தில், தராசு தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மடுவத்தில் நிறுத்த எடையில் கூடைக்கென்று இத்தனை ராத்தல் வெட்டுவார்கள், கொழுந்து ஈரத்துக்கென்று வெட்டுவார்கள், அதற்கு மேலும் வெட்டுவார்கள் என்று பெண்கள் புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். ராத்தல் குறைந்தால் நாள் முழுக்க மலையில் நின்றும் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். தோட்டத்தில் புலம்பல் இல்லாத நாள் ஏது என்று நான் காதோடு விட்டுவிட்டேன். இப்போது, நிறுக்கிற இடத்திலேயே, தராசுக்குக் கீழேயே, ஏமாற்றினவன் கதையை வாசித்து முடித்த கையோடு, அந்தப் பெண்களுக்கே நான் தராசுப் பாட்டு எடுத்துக் கொடுக்கிறேன்!

ஞானப்பூ பாடினாள் பாருங்கள். மடுவத்துத் தகரம் அதிர்ந்தது. மழை கேட்ட பாட்டுக்கு வாயைத் திறக்காத ஜனம், இதற்குப் பிள்ளையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டுப் பாடியது. முதல் சரணம், இரண்டாம் சரணம் போயிற்று. மூன்றாம் சரணத்தை முந்தின நாள் விரலால் தடவியதோடு சரி, படித்ததில்லை. வாயைத் திறந்து சொன்ன பிறகுதான் என்ன சொல்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

"கள்ளத் தராசெல்லாம் கவிழ்ந்து போகுமே!"

சொல்லிவிட்டு நேராகப் பார்த்தால் முன்னால் கண்டாக்கு முகம். அவசரமாக அடுத்த அடியைச் சொன்னேன். யார் கேட்டது? ஞானப்பூ அந்த அடியை விடவில்லை. "கள்ளத் தராசெல்லாம்" என்று மேல் ஸ்தாயியில் எடுத்தாள். ஆண்கள் பகுதி கைதட்டோடு வாங்கியது. நான் ஆர்மோனியத்தில் வேறு பக்கம் இழுத்தேன். அவர்கள் ஆர்மோனியத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனார்கள். தூணோரத்தில் கணக்கப்பிள்ளையின் குடை கொஞ்சம் கொஞ்சமாக முகத்தை மூடியது. மழை அப்போது விட்டிருந்தது.

4. பங்களாவில்

ஆராதனை முடிந்ததும் கண்டாக்கு யாரோடும் பேசவில்லை. "மாஸ்டர், பங்களாவுக்கு ஒருக்கா வாரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கிரேசு என்னைப் பார்த்தாள். நான் வலப்பனைக்கு எத்தனை பஸ் மாற வேண்டும் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

விறாந்தையில் நாற்காலியில் இருந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"ஏன் காணும் உந்தப் பாட்டை எடுத்தனீர்?"

"வாசகத்துக்குப் பொருத்தமா இருந்திச்சுங்க. மனந்திரும்புதல்..."

"பேய்க்காட்டாதையும். சகேயுவுக்கு எத்தினை பாட்டு இருக்கு? எனக்கே நாலு பாட்டுத் தெரியும். எல்லாத்தையும் விட்டிட்டு, ஒருத்தருக்கும் தெரியாத பாட்டைத் தேடிப் பிடிச்சு எடுத்திருக்கிறீர். நான் வந்து ரெண்டு கிழமை ஆகேல்லை. நான் கள்ளத் தராசு பிடிக்கிறன் எண்டு ஆர் உமக்குச் சொன்னது?"

"ஐயோ, சத்தியமா அப்படி இல்லைங்க!"

"அப்ப ஏன் மற்றப் பாட்டை விட்டனீர்? காரணம் இல்லாமல் ஒருத்தன் நாலு பாட்டை விடமாட்டான். காரணத்தைச் சொல்லும். சரியான காரணமெண்டால் மடுவம் உங்களுக்கு. இல்லாட்டி நாளைக்கே உரம் ஏத்துவன்."

தம்பிகளே, என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஆமாம், தராசு விஷயமாகத்தான் எடுத்தேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னால் வீரன் ஆகலாம், மடுவம் போய்விடும். அதுவும் பொய். உண்மையைச் சொல்லலாமென்றால், அந்த உண்மை அவருடைய தொப்பியோடு சேர்த்து என் நெஞ்சு மட்டத்துக்கு நிற்கிறது! அதை எப்படி அவர் முகத்துக்கு நேரே சொல்வது?  நிறைமாசக்காரி முகம் ஞாபகத்துக்கு வந்தது. வருவது வரட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"மத்த பாட்டெல்லாம்... அதுல எல்லாம்... அந்தச் சகேயு... உயரம் கொஞ்சம்... அப்படீன்னு வருதுங்க. நீங்க முன்னால ஒக்காந்திருப்பீங்க. அதான்... மனசு நோகுமேன்னு... உயரம் வராத பாட்டாப் பாத்து எடுத்தேங்க."

 கண்ணைத் திறந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓ" என்றார். பிறகு உள்ளே திரும்பி, "இஞ்சேருமப்பா, ஒருக்கா வாரும். மாஸ்டர் சொல்லுறதைக் கேளும்" என்றார்.

அவர் மனைவி வந்தார். "திருப்பிச் சொல்லும்" என்றார் கண்டாக்கு. அந்த அம்மா முன்னால் அத்தனையையும் திருப்பிச் சொன்னேன். அந்த அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தாங்காமல் கீழே உட்கார்ந்து சிரித்தார். "அதுக்குத்தானே மாஸ்டர் பெட்டியையும் ஒண்டு எடுத்தனீங்கள்? நான் துணியைத் தூக்கிப் பாத்தனான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

"கலியாணம் பேச வந்த நாளில இருந்து இவவுக்குத் தெரியும், நான் கட்டை எண்டு. உமக்குத்தான் புதுசு" என்றார் கண்டாக்கு. அவர் சிரிக்கவில்லை. ஆனால், "இரும்" என்று நாற்காலியைக் காட்டினார். தேத்தண்ணியும் வந்தது. வாய்க்குக் கொண்டு போனபோது கேட்டார்:

"அந்தக் கள்ளத் தராசு அடியை அவையளைத் திருப்பித் திருப்பிப் படிக்கச் சொன்னது நீரோ?"

"இல்லைங்க. நான் அடுத்த அடிக்குப் போகத்தான் பாத்தேன். அவங்க விடலைங்க."

"பாட்டை எடுத்த உமக்கு ஒண்டும் தெரியாது. வாசிச்ச எனக்கும் ஒண்டும் தெரியாது. அப்ப அந்தச் சத்தம் எங்கையிருந்து வந்தது காணும்?"

நான் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டேன். தெரியாது என்று சொல்லப் போனேன். அது பொய்யாகிவிடும் என்று தோன்றியது. "ராத்தல் வெட்டுறாங்கன்னு பொம்பளைங்க சொல்லிக் கேட்டிருக்கேங்க" என்றேன். அவர் வெளியே மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

5. திங்கட்கிழமை

பள்ளிக்கூடத்திலிருந்து பார்த்தால் மடுவம் தெரியும். மத்தியானக் கொழுந்து நிறுக்கிற நேரத்தில் அங்கே கூட்டம் வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நானும் போய் ஓரமாக நின்றேன்.

கண்டாக்கு தராசடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தராசு கணக்கப்பிள்ளையின் கண்ணுக்கு நேராகத் தொங்கும்படி கட்டப்பட்டிருந்தது. அவர் கண்ணுக்கு நேர் என்றால் மற்றவர்களுக்கு எட்டாத உயரம். கூடையை மாட்டிவிட்டுப் பெண்கள் கீழே நிற்பார்கள். முள் எங்கே நிற்கிறது என்று அவர் மட்டும் பார்ப்பார், அவர் சொல்வதுதான் ராத்தல்.

"எனக்கு முள்ளுத் தெரியேல்லை" என்றார் கண்டாக்கு.

"நான் பாத்துச் சொல்றேனுங்க ஐயா" என்று கணக்கப்பிள்ளை முன்னால் வந்தார்.

"நீர் சொல்லத் தேவையில்லை. நான் பாக்கவேணும்."

"ஒரு பெட்டி கொண்டாரச் சொல்றேனுங்க. ஐயா ஏறி நின்னு..."

சொல்லி முடிப்பதற்குள் கணக்கப்பிள்ளைக்கே நாக்கு சிக்கிக்கொண்டது. கூட்டத்தில் யாரோ தும்மல் மாதிரி ஒரு சத்தம் போட்டார்கள். கண்டாக்கு அதைக் காதில் வாங்கவே இல்லை.

"நான் ஏறமாட்டன். தராசை இறக்கும்" என்றார்.

உத்தரத்தில் ஏறி, கயிறை நீட்டி, தராசைக் கீழே இறக்கினார்கள். இன்னும், இன்னும் என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தார், தன் கண்ணுக்கு நேராக முள் வரும் வரைக்கும். பிறகு நனைந்த வெறும் கூடை ஒன்றைத் தூக்கி மாட்டச் சொல்லிப் பார்த்தார். "கூடையும் ஈரமும் இவ்வளவுதான். இதுக்கு மேல ஒரு ராத்தல் வெட்டினால் எனக்குக் கணக்குச் சொல்லவேணும்" என்றார். கணக்கப்பிள்ளை சரியென்று தலையாட்டினார். தராசு இறங்கிவிட்டதால் அவர் முள்ளைப் பார்க்கக் குனிய வேண்டியிருந்தது.

முதல் கூடை ஞானப்பூவுடையது. மாட்டினாள். அவள் முகத்துக்கு நேரே முள் ஆடி நின்றது. அவளுக்கு எண் படிக்கத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அந்த எண்ணை வாய்விட்டுச் சொன்னாள். பின்னால் நின்றவளும் எட்டிப் பார்த்து அதையே சொன்னாள். வரிசையில் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தங்கள் ராத்தலைத் தாங்களே சொல்லி எழுதவைத்தார்கள். நிறுத்து முடிய அன்று நேரமாகிவிட்டது. ஒருத்தியும் அவசரப்படவில்லை.

கண்டாக்கு போகும்போது என் பக்கம் வந்தார். "உரத்தைப் பழைய மாட்டுப்பட்டியில வைக்கலாம். நீங்கள் இஞ்சையே படியுங்கோ" என்றார். நன்றி சொல்லப் போனேன். "இனிப் பாட்டுகளை முன்கூட்டியே கொண்டு வந்து காட்டவாங்க?" என்று கேட்டேன். "வேண்டாம், வேண்டாம். முந்தியே பாத்தால் பயத்தில நான் சேர்ச்சுக்கே வரமாட்டன்" என்றார். அன்றுதான் அவர் சிரித்து நான் முதல்முறை பார்த்தேன். மறுநாள் கொழுந்து வரத்து குறையவில்லை.

அன்று சாயந்தரம் லயத்துப் பக்கம் போனால் எனக்கு ராஜ மரியாதை. "மாஸ்டரு போட்டாரு பாரு ஒரு போடு!" என்கிறார்கள். பீலியடியில் தண்ணீர் பிடித்தவர்கள் வழிவிட்டார்கள். சங்கத்துக்காரர் ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, லீவு விஷயமாக ஏதாவது பாட்டு உண்டா என்று கேட்டார். இன்னொருவர், லயத்துத் தகரம் ஒழுகுவதற்கு வேதத்தில் எந்த இடத்தில் வாசகம் வருகிறது என்று விசாரித்தார். எனக்கு உள்ளுக்குள் குறுகுறுத்தது. செய்யாத வீரத்துக்கு எத்தனை நாள் கும்பிடு வாங்குவது?

ஞானப்பூ வாசலில் உட்கார்ந்து பிள்ளைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். அவளிடமாவது சொல்லிவிடலாம் என்று போனேன்.

"ஞானப்பூ, ஒண்ணு சொல்லணும். அந்தப் பாட்ட நான் தராச நெனச்சு எடுக்கல. கண்டாக்கையா குள்ளமா இருக்காரே, மனசு நோகக் கூடாதேன்னு எடுத்தேன். மூணாஞ் சரணத்த நான் படிக்கக்கூட இல்ல."

அவள் சீப்பை நிறுத்தவில்லை.

"அது தெரியும் மாஸ்டர்" என்றாள்.

"தெரியுமா?"

"பின்ன? ஒங்களுக்கு அம்புட்டுத் தைரியம் ஏது? தராசப் பாத்ததும் ஒங்க மொகம் போன போக்க நாங்கதான் பாத்தோமே. இம்புட்டு வருசமா வாயத் தொறந்தா அரைப்பேரு, அதான் பேசாம இருந்தோம். சாமி பேரச் சொல்லிச் சத்தம் போட ஒரு பாட்டுக் கெடச்சிச்சு. விட்டா இன்னொருவாட்டி நீங்க எடுக்கவா போறீங்க? அதான் புடிச்சுக்கிட்டோம்."

அதற்குப் பிறகு நான் அந்தச் சபையில் இருந்த காலம் முழுக்க, சனிக்கிழமை சாயந்தரம் பாட்டு எடுக்க உட்காருவதற்கு முன்னால் லயத்துப் பக்கம் ஒரு நடை போய் வந்தேன். பாட்டு எடுக்கிற தம்பிகளுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்: புத்தகத்தைத் திறக்கிறதுக்கு முன்னால் பாடப்போகிறவர்களிடம் போய் நாலு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.